பட்டறைப் பக்கம்: தகடு நேராக இருக்காது, காற்று காய்ந்திருக்காது

கம்ப்யூட்டர் சொல்கிற கோட்டில் டார்ச்சை ஓட்டி, மின்பொறியால் கொதிக்கும் காற்றுப் பீச்சில் தகட்டை உருக்கி வெட்டுகிற சிஎன்சி பிளாஸ்மா மேஜை பற்றி இந்த முறை நிறைய கடிதங்கள். வீட்டோடு ஒட்டிய சின்னப் பட்டறைக்காரர்கள்தான் அதிகம் கேட்டிருக்கிறார்கள், அதனால் அவர்கள் இடத்தையும் கரண்டையும் மனதில் வைத்தே பதில் சொல்கிறேன்.

வீட்டுக்குப் பின்னால் 20க்கு 12 அடியில் ஷெட் இருக்கிறது. கேட், கிரில் வேலை செய்கிறேன். டிசைன் தகடுகளை வெளியே லேசரில் வெட்டி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. 8க்கு 4 அடியில் மேஜையை நானே செய்யலாமா? எந்த மோட்டார் வாங்கட்டும்? – வாசகர், பொள்ளாச்சி

தாராளமாகச் செய்யலாம். கேட் செய்கிறவருக்கு ஒரு ஃபிரேமை மட்டம் பார்த்துக் கட்டச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் 8க்கு 4 வேண்டாம் என்பேன். தகடு 8க்கு 4 என்றால் மேஜை, கேன்ட்ரியோடு (டார்ச்சைத் தாங்கி நகரும் குறுக்குப் பாலம்) சேர்த்து 10க்கு 6 அடி வந்துவிடும், சுற்றி நடக்க இடம், தகட்டை உள்ளே கொண்டுவர இடம் என்று பார்த்தால் வெல்டிங் வேலையைத் தெருவில்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். எடையையும் பாருங்கள். 3 எம்எம் முழுத்தகடு ஒன்று 70 கிலோ, 6 எம்எம் என்றால் 140 கிலோ, தனி ஆளாகத் தூக்கி மேஜைமேல் போட முடியாது. 4க்கு 4 மேஜை கட்டி, முன்னும் பின்னும் திறந்து விடுங்கள். நீளத் தகடு வந்தால் ஒரு பாதி வெட்டி, தள்ளி, மறுபாதி வெட்டிக்கொள்ளலாம். கேட்டுக்கு வைக்கிற டிசைன் பேனல் பெரும்பாலும் 4 அடிக்குள் அடங்கிவிடும்.

மோட்டார் விஷயத்தில் பலரும் லேத்தையோ மில்லிங் மெஷினையோ நினைத்துக்கொண்டு பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். பிளாஸ்மா டார்ச் தகட்டைத் தொடுவதே இல்லை, அதனால் வெட்டும் விசை என்று எதுவும் மோட்டார் மேல் ஏறாது. நீங்கள் தூக்கிச் செல்வது டார்ச்சையும் கேன்ட்ரியையும் மட்டும்தான். ஆனால் சட்டென்று கிளம்பி, மூலையில் நின்று, திரும்பிப் போக வேண்டும். 45 ஆம்பியரில் 3 எம்எம் தகட்டை நிமிடத்துக்கு 3 மீட்டருக்கு மேல் வெட்டுவீர்கள், அந்த வேகத்தில் ஒரு மயில் தோகை டிசைனில் எத்தனை திருப்பம் வரும் என்று பாருங்கள். ஆகவே கேன்ட்ரி எடை குறைவாகவும் முறுக்காமலும் இருக்க வேண்டும். அலுமினிய புரொஃபைலில் கேன்ட்ரி, நெமா 23 அளவு ஸ்டெப்பர் மோட்டார், இடையில் 3க்கு 1 பெல்ட் குறைப்பு, ரேக்-பினியன் (பல் பட்டையும் அதில் ஓடும் பல்சக்கரமும்), நீளவாக்கில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மோட்டார் என்று போங்கள், 4 அடிக்கு அது போதும்.

ஃபிரேமில் ஒரே ஒரு எச்சரிக்கை. கேன்ட்ரி ஓடும் ரயில் உட்காரும் ஃபிரேம் வேறு, தகட்டைத் தாங்கி வெட்டும் தூசியை அடக்கும் தண்ணீர்த் தொட்டி வேறு என்று தனித்தனியாக வையுங்கள். 4க்கு 4 தொட்டியில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே 150 கிலோ, அதன்மேல் தகடு. அந்தப் பாரம் ரயிலை இழுக்கக் கூடாது. வெல்டை மாறி மாறி எதிர்மூலையில் புள்ளி வைத்து, ஆற விட்டு, குறுக்கு அளவு இரண்டும் ஒரு எம்எம்முக்குள் ஒத்துவந்த பிறகு முழுசாக ஓட்டுங்கள். தகடு உட்காரும் பட்டைகள் 3 எம்எம் எம்எஸ் ஃபிளாட்டில் போட்டு, வெல்ட் வைக்காமல் காடியில் செருகி விடுங்கள். அவையும் சேர்ந்துதான் வெட்டுப்படும், மாற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று. மேஜை, மோட்டார், சாஃப்ட்வேர் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறீர்கள். வெட்டு நன்றாக வருமா வராதா என்பதை முடிவு செய்வது காற்று, எர்த், டார்ச் உயரம் இந்த மூன்றுதான். மோட்டாரில் மிச்சம் பிடிக்கிற பணத்தை இவற்றில் போடுங்கள்.

கையால் வெட்டுகிற 50 ஆம்பியர் பிளாஸ்மா மெஷின் ஏற்கெனவே இருக்கிறது. அதையே மேஜையில் மாட்டிக்கொள்ளலாமா அண்ணா? – வாசகர், துவாக்குடி

தம்பி, முதலில் அது எப்படிப் பற்றவைக்கிறது என்று பாருங்கள். விலை குறைந்த மெஷின்கள் பலவற்றில் ஹை ஃபிரீக்வென்சி ஸ்டார்ட் இருக்கும். சில ஆயிரம் வோல்ட்டில் ஒரு தீப்பொறியைத் தாவ விட்டு ஆர்க்கை, அதாவது அணையாமல் எரியும் மின்பொறியைப் பிடிக்கும். கையில் பிடித்து வெட்டுகிறபோது அதனால் தொல்லை இல்லை. பக்கத்தில் கம்ப்யூட்டரும் கன்ட்ரோலரும் வந்ததும், அந்தப் பொறி ஒரு ரேடியோ நிலையம் மாதிரி எல்லா ஒயரிலும் ஏறிவிடும். இன்னொரு வகை புளோபேக் ஸ்டார்ட். டார்ச்சுக்குள் எலக்ட்ரோடும் (ஆர்க் கிளம்பும் செம்பு முனை) நாசிலும் (ஆர்க் வெளியே வரும் துளை உள்ள மூடி) ஒட்டிக்கொண்டிருக்கும், காற்று வந்து பிரித்துவிட, அந்த இடைவெளியில் பைலட் ஆர்க் என்கிற தொடக்கப் பொறி பிறக்கும். சிஎன்சிக்கு இந்த இரண்டாவது வகைதான் வேண்டும்.

இதை நான் அனுபவப்பட்டுத்தான் சொல்கிறேன். என் முதல் மேஜைக்கு வாங்கிய மெஷினை, சிஎன்சிக்கும் ஓடும் என்று சொல்லித்தான் விற்றார்கள். டார்ச் பற்றியதும் திரை அப்படியே உறைந்துவிடும். சில நேரம், கேன்ட்ரி ஓரத்துக்குப் போனால் நிறுத்துகிற லிமிட் சுவிட்சை யாரும் தொடாமலே தொட்டதாகக் காட்டி நின்றுவிடும். கேபிள் மாற்றினேன், கம்ப்யூட்டர் மாற்றினேன், மூன்று வாரம் தூக்கமில்லை. கடைசியில் நண்பர் ஒருவர் தன் புளோபேக் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து அதே மேஜையில், அதே ஒயரில் மாட்டினார். முதல் பற்றவைப்பிலேயே ஒரு மூலைத் தகட்டை முழுசாக வெட்டி முடித்தது. அன்று கீழே விழுந்த அந்தத் துண்டை இன்னும் எடுத்து வைத்திருக்கிறேன்.

புளோபேக் மெஷின் என்றால் அடுத்து, பின்பக்கம் சிஎன்சி இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஹைபர்தெர்ம் பவர்மேக்ஸ் 45 போன்றவற்றில் அந்த இணைப்பிலேயே ஆர்க் வோல்ட்டேஜை 50-ல் ஒரு பங்காகக் குறைத்துத் தரும் வசதி உண்டு, டார்ச்சைத் தகட்டுக்கு மேல் ஒரே உயரத்தில் வைத்திருக்கும் உயரக் கட்டுப்பாட்டுக்கு அதுதான் வேண்டும். அது இல்லாத மெஷினைத் திறந்து நேராக ஒயர் எடுப்பது, வேலை தெரிந்த எலக்ட்ரானிக்ஸ் ஆள் கூட இல்லாமல் செய்யக் கூடாத காரியம். ஆர்க் இல்லாதபோது உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும், கெபாசிட்டர்கள் சுவிட்சை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும்.

எர்த்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒர்க் கிளாம்ப்பை (மெஷினுக்குக் கரண்ட் திரும்பிப் போகும் ஒயரின் கவ்வி) தொட்டியிலோ பட்டையிலோ மாட்டாதீர்கள், வெட்டுகிற தகட்டிலேயே, மேலே இருக்கும் கறுப்புப் படலத்தைச் சாணை பிடித்து வெள்ளையாக்கி மாட்டுங்கள். மேஜைக்கு அருகிலேயே தனியாக ஒரு எர்த் கம்பி இறக்கி, மேஜை, கேன்ட்ரி, கன்ட்ரோல் பெட்டி மூன்றையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். டார்ச் கேபிளையும் மோட்டார் கேபிளையும் ஒரே சங்கிலித் தடத்தில் ஒட்டிப் போடாதீர்கள், மிச்சக் கேபிளைச் சுருட்டியும் வைக்காதீர்கள். சென்சார்கள் 5 வோல்ட் வேண்டாம், 24 வோல்ட்டில் வாங்குங்கள்.

நாசிலும் எலக்ட்ரோடும் இரண்டு நாளில் போய்விடுகின்றன. ஒரிஜினல்தான் போடுகிறேன். வெட்டின் அடியில் கசடும் பிடிக்கிறது. மெஷின் கோளாறா? – வாசகர், தூத்துக்குடி

ஊர்ப்பெயரைப் பார்த்ததுமே பதில் பாதி தெரிந்துவிட்டது. கடற்கரைக் காற்று. ஒரு கணக்குப் போடுவோம். 30 டிகிரி வெயிலில், ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும் நாளில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். 45 ஆம்பியர் மெஷின் வெட்டும்போது நிமிடத்துக்கு 190 லிட்டர் வாக்கில் காற்று கேட்கும். அப்படியானால் ஒரு மணி நேரம் வெட்ட உங்கள் கம்ப்ரெசர் உள்ளே இழுக்கிற தண்ணீர் மட்டும் கால் லிட்டருக்கு மேல். அதில் ஒரு பங்கு டாங்கில் தங்கும். மீதி சூட்டோடு சூடாக ஆவியாகவே குழாயில் போய், டார்ச்சுக்குக் கிட்டே குளிர்ந்து, சொட்டாக மாறும்.

எலக்ட்ரோடைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். செம்பு முனையின் நடுவில் வெள்ளி நிறத்தில் கடுகளவு ஒரு பொட்டு தெரியும். அது ஹாஃப்னியம் என்ற உலோகம், ஆர்க் அங்கிருந்துதான் கிளம்புகிறது. ஒவ்வொரு முறை பற்றி அணையும்போதும் அந்தப் பொட்டு துளித் துளியாகக் கரைந்து குழி விழும். ஒழுங்கான தேய்மானத்தில் குழி வட்டமாக, நடுவில், மெல்ல ஆழமாகும். ஆழம் 1.6 எம்எம் வந்தால் மாற்றிவிட வேண்டும். ஈரக் காற்றில் ஓடிய எலக்ட்ரோடில் குழி ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுற்றியுள்ள செம்பு கறுத்துப் பொரிந்து கிடக்கும், நாசில் துளையும் வட்டம் கெட்டு முட்டை வடிவமாகியிருக்கும். உங்களுடையது எப்படி என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

என்ன செய்யலாம்? கம்ப்ரெசருக்கும் மெஷினுக்கும் நடுவில் ஒரு சின்ன வாட்டர் ட்ராப் மட்டும் வைத்தால் போதாது, அது சொட்டைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. முதலில் காற்று குளிர வேண்டும். டாங்கிலிருந்து செம்புக் குழாயைச் சுவரில் மேலும் கீழுமாக நான்கைந்து மடிப்பு ஓட்டி, ஒவ்வொரு கீழ் வளைவிலும் ஒரு வடிகால் வால்வு வையுங்கள். அதற்குப் பிறகு ட்ராப், அதற்கும் பிறகு சிலிகா ஜெல் டிரையர். நாள் முழுக்க வெட்டுகிறவர் என்றால் பணம் சேர்த்து ரெஃப்ரிஜிரேட்டட் டிரையரே வாங்கிவிடுங்கள், தூத்துக்குடிக்கு அது ஆடம்பரமில்லை. டாங்கின் அடியில் இருக்கும் வடிகாலைத் தினமும் காலையில் திறந்து விடுங்கள், ஐப்பசி கார்த்திகையில் காலை, மதியம், மாலை மூன்று வேளையும். வருவதை ஒரு டம்ளரில் பிடித்துப் பாருங்கள். பழுப்பாக, எண்ணெய் மிதக்க வரும். அதுதான் இத்தனை நாளாக உங்கள் டார்ச்சுக்குள் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் கம்ப்ரெசர் அளவு. பெயர்ப்பலகையில் இருக்கும் எண் பெரும்பாலும் பிஸ்டன் தள்ளும் கணக்கு. குழாயில் வெளியே வருவது அதில் முக்கால் பங்கைத் தாண்டுவது அரிது. மெஷின் கேட்பதைப் போல ஒன்றரை மடங்காவது நிஜமாக வருகிற கம்ப்ரெசர் வேண்டும். வெட்டும் நடுவில் அழுத்தம் இறங்கினால் ஆர்க் சுருங்கி நிற்காமல் பரந்துவிடும், நாசில் துளை உள்ளிருந்தே அரிபடும்.

கசடு விஷயம் வேறு. சுத்தியலால் தட்டினாலே பொலபொலவென்று உதிர்கிற தடித்த கசடு என்றால் வேகம் குறைவு. நூல் மாதிரி மெல்லியதாக ஒட்டிக்கொண்டு சாணை போட்டால்தான் போகிறது என்றால் வேகம் அதிகம். புது நாசில், காய்ந்த காற்றோடு ஒருமுறை வெட்டிப் பார்த்த பிறகு வேகத்தில் கை வையுங்கள்.

தானியங்கி உயரக் கட்டுப்பாடு போட்டிருக்கிறேன். நேர்க்கோட்டில் அருமையாகப் போகிறது. மூலையில் டார்ச் தகட்டில் போய் முட்டுகிறது. ஏன்? – வாசகர், ஓசூர்

அந்தக் கருவிக்கு உயரத்தை அளக்கத் தெரியாது, அதற்குத் தெரிந்தது ஆர்க்கின் வோல்ட்டேஜ் மட்டும்தான். டார்ச் மேலே போனால் ஆர்க் நீளும், வோல்ட்டேஜ் கூடும். கூடினால் டார்ச்சை இறக்கு என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறோம். மூலையில் என்ன நடக்கிறது? கேன்ட்ரி வேகம் குறைகிறது. நின்ற இடத்தில் உலோகம் அதிகம் உருகி வெட்டு அகலமாகிறது, ஆர்க் நீண்டு போய் விளிம்பைத் தேடுகிறது, வோல்ட்டேஜ் ஏறுகிறது. டார்ச் மேலே போய்விட்டது என்று நினைத்து அது இறக்கிவிடுகிறது, முட்டுகிறது. ஆகவே வேகம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் உயரத்தை அப்படியே பூட்டிவிடும்படி அமைக்க வேண்டும். லினக்ஸ்சிஎன்சி என்ற கன்ட்ரோல் சாஃப்ட்வேரில் வரும் பிளாஸ்மா பகுதியில் இது உள்ளேயே இருக்கிறது, இலவசமும்கூட. வேறு கன்ட்ரோலராக இருந்தால் மூலை பூட்டு, டைவ் தடுப்பு என்கிற மாதிரி ஒரு அமைப்பு இருக்கும், தேடிப் பாருங்கள். ஏற்கெனவே வெட்டிய கோட்டைக் கடக்கும்போதும் இதே கதைதான்.

இன்னொன்று, எலக்ட்ரோடு தேயத் தேயக் குழி ஆழமாகி, அதே உயரத்திலேயே வோல்ட்டேஜ் கூடுதலாகக் காட்டும். நேற்று சரியாக இருந்த எண்ணில் இன்று டார்ச் தாழ்ந்து ஓடுவது அதனால்தான். முந்தைய பதிலில் சொன்ன ஈரக் காற்று இங்கேயும் வந்து வேலையைக் காட்டும்.

டார்ச் ஆரம்பத்தில் தகட்டைத் தொட்டு உயரத்தைத் தெரிந்துகொள்ளும் ஏற்பாடு கட்டாயம் வேண்டும். பார்வைக்கு நேராகத் தெரிகிற 2 எம்எம் தகடு நான்கு வெட்டு போனதும் சூட்டில் அப்பளம் மாதிரி எழும்பிவிடும். துளையிடும் உயரம், வெட்டும் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு வாக்கில் இருக்கட்டும். 1.5 எம்எம்மில் வெட்டுகிறவர் 3 எம்எம்முக்கு மேல் நின்று துளையிட்டுவிட்டு இறங்க வேண்டும், இல்லையென்றால் தெறிக்கிற உருகல் நேராக நாசிலில் போய் ஒட்டும்.

10 எம்எம் தகட்டில் 12 எம்எம் ஓட்டை போட்டால் போல்ட் போகமாட்டேன் என்கிறது, அடியில் குறுகிவிடுகிறது. – வாசகர், ஈரோடு

தகட்டுக் கனத்தைப்போல் ஒன்றரை, இரண்டு மடங்குக்குக் குறைந்த ஓட்டையைக் காற்றுப் பிளாஸ்மாவில் எதிர்பார்க்காதீர்கள். அதற்குப் பிளாஸ்மாவாலேயே நடுவில் ஒரு புள்ளி குத்தச் சொல்லிவிட்டு டிரில் போடுங்கள், அதுதான் நேரமும் மிச்சம். பெரிய ஓட்டை என்றால் வேகத்தை வழக்கத்தில் 60 சதவீதமாகக் குறைத்து, உயரக் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டு வெட்டுங்கள். திசையையும் பாருங்கள். டார்ச்சுக்குள் காற்று சுழன்று வருவதால், போகிற திசைக்கு வலப்பக்க விளிம்பு நேராகவும் இடப்பக்க விளிம்பு சாய்வாகவும் வரும். வெளிக்கோட்டைக் கடிகாரச் சுற்றிலும், உள் ஓட்டைகளை எதிர்ச்சுற்றிலும் வெட்டினால் சாய்வெல்லாம் கழிவுத் துண்டோடு போய்விடும்.

தண்ணீர்த் தொட்டி மேஜையில் அலுமினியம் வெட்டலாமா? – வாசகர், சேலம்

தண்ணீரோடு வேண்டாம். உருகிய அலுமினியத் துகள் தண்ணீரில் விழுந்தால் ஹைட்ரஜன் வாயு வரும், அது தகட்டுக்கு அடியில் சேர்ந்து நிற்கும், அடுத்த பற்றவைப்பில் வெடிக்கும். தொட்டியின் அடியில் கிடக்கும் துகள் வெட்டி முடித்த பிறகும் வாயு விட்டுக்கொண்டே இருக்கும். தண்ணீரை வடித்து, அடி வண்டலை வழித்துச் சுத்தம் செய்து, காற்றோட்டம் வைத்து வெட்டுகிறவர்கள் உண்டு. எப்போதாவது ஒரு துண்டுதான் என்றால் ரம்பத்தில் அறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் வீட்டுப் பின்பக்கத்திலேயே இந்த மெஷினை வைத்திருக்கிறார். துணி காயப்போட்டால் கறுப்புத் தூசி. ஜிஐ தகடு வெட்டிய அன்று ராத்திரி அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது, பால் குடித்தால் சரியாகும் என்கிறார். பிள்ளைகள் ஜன்னலில் நின்று பார்க்கிறார்கள். பயமாக இருக்கிறது. – வாசகி, கரூர்

சகோதரி, நீங்கள் பயப்படுவது சரிதான், இந்தப் பதிலை அவரிடமே படிக்கக் கொடுங்கள். ஜிஐ தகட்டின் மேல்பூச்சு துத்தநாகம். அது சூட்டில் புகையாகி மூச்சில் போனால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வரும், ஒன்றிரண்டு நாளில் தணியும். பால் குடித்தால் இது வராது என்பது பட்டறைகளில் காலங்காலமாகச் சொல்வது, பால் அந்தப் புகையைத் தடுக்காது. மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புகை இதைவிட மோசம். அதில் வரும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது, அது அன்றைக்கே காய்ச்சலாகக் காட்டிக்கொடுக்காது.

தொட்டியில் தகட்டுக்குக் கீழே ஒரு அங்குலம் வரை தண்ணீர் நிறுத்தினால் தூசியில் பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடும், உங்கள் துணியும் தப்பும். அதோடு ஷெட்டில் இரண்டு பக்கம் திறப்பு, புகையை வெளியே தள்ளும் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் – வீட்டுப் பக்கமோ பக்கத்து வீட்டுப் பக்கமோ இல்லாமல். அவருக்குக் கைக்குட்டை போதாது, நுண்தூசியைப் பிடிக்கும் பி100 வடிகட்டி போட்ட அரை முகக்கவசம் வேண்டும். கண்ணுக்கு 40 ஆம்பியர் வரை 5-ஆம் எண் வெல்டிங் கறுப்புக் கண்ணாடி, 40 முதல் 60 வரை 6-ஆம் எண், காதுக்கு அடைப்பான். பிள்ளைகள் பார்க்கிற ஜன்னலை இன்றைக்கே மூடுங்கள். அந்த வெளிச்சத்தின் புற ஊதாக் கதிர் கண்ணில் மணல் விழுந்த மாதிரி ராத்திரி முழுக்க அறுக்கும். ஆசையாகப் பார்க்கட்டும் என்றால் வெல்டிங் திரை தொங்கவிட்டு, அதற்கு இந்தப்பக்கம் தூரத்தில் நிற்கச் சொல்லுங்கள். வேலையில்லாத வாரங்களில் தொட்டித் தண்ணீரை வடித்துவிடச் சொல்லுங்கள், தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும்.

வீட்டு கரண்டிலேயே ஓட்டலாமா? – பலர்

45 ஆம்பியர் மெஷின் முழுப் பாரத்தில் சிங்கிள் ஃபேஸில் 28 ஆம்பியர் வாக்கில் இழுக்கும், கம்ப்ரெசர் தனி. 16 ஆம்பியர் பிளக் தாங்காது, மீட்டரிலிருந்தே தனி லைன் வேண்டும். சொந்த வீட்டுக்கு ஒரு கேட் செய்துகொள்வது வேறு. கூலிக்கு வெட்டிக் கொடுத்தால் வீட்டு இணைப்பில் அது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126-ஆவது பிரிவில் அனுமதியில்லாத பயன்பாடு, அபராதம் போடுவார்கள். மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து முறையான இணைப்பு வாங்கிவிடுங்கள், த்ரீ ஃபேஸ் கிடைத்தால் மெஷினும் கம்ப்ரெசரும் நிம்மதியாக ஓடும்.

எல்லாம் மாட்டியாகிவிட்டது. முதலில் என்ன வெட்டட்டும்? – வாசகர், ராஜபாளையம்

சாமி படமோ மயிலோ வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். டார்ச்சைப் பற்றவைக்காமல், அதன் இடத்தில் ஒரு மார்க்கர் பேனாவைக் கட்டி 300 எம்எம் சதுரம் வரையச் சொல்லி, பக்கங்களையும் குறுக்கு அளவையும் அளந்து பாருங்கள். எமர்ஜென்சி சுவிட்சை நான்கு முறை அழுத்திப் பாருங்கள், கேன்ட்ரி மட்டும் நின்றால் போதாது, டார்ச்சுக்குப் போகும் கட்டளையும் அறுபட வேண்டும். அப்புறம் 3 எம்எம் தகட்டில் 100 எம்எம் சதுரம், நடுவில் 20 எம்எம் ஓட்டை. 45 ஆம்பியரில் வெட்டின் அகலம் ஒன்றரை எம்எம் வாக்கில் வரும், அதில் பாதியைச் சாஃப்ட்வேரில் ஈடுகட்டச் சொல்லியிருந்தால் துண்டு 100-க்கே வரும். 98.5 வந்தால் ஈடு சேரவில்லை, 97 வந்தால் ஈடு தப்பான பக்கம் போயிருக்கிறது. அந்தத் துண்டின் மேலேயே ஆம்பியர், வேகம், வோல்ட்டேஜ், காற்றழுத்தம் நான்கையும் பெயின்ட் மார்க்கரில் எழுதி, ஆணி அடித்துச் சுவரில் மாட்டுங்கள். 5 எம்எம், 6 எம்எம் என்று ஒவ்வொரு கனத்துக்கும் ஒரு துண்டு. அடுத்த மாதம் வெட்டு கெட்டால் கம்ப்யூட்டரில் தேட வேண்டாம், சுவரைப் பார்த்தால் போதும்.